நாரைக்குப் பின்னால் இருந்த சிம்னி

எங்கள் குழுவில் யாரும் "சூப்பர்" என்று சொல்லக்கூடாது. அது விதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு நீர்ப்பறவைப் படத்தை வாட்சப்பில் போட வேண்டும், மற்றவர்கள் அதில் என்ன குறை என்று சொல்ல வேண்டும். கோயமுத்தூர்க்காரர்களிடம் போய்க் குறை சொல்லுங்கள் என்றால் நடக்கிற காரியமா? "அருமைங்ணா, ரொம்ப நல்லாருக்குதுங். எனக்கென்னமோ எடதுபக்கம் கொஞ்சூண்டு இருட்டடிக்கற மாதிரி பட்டுதுங். என்ற போன்லதான் அப்படித் தெரியுதோ என்னமோ, தப்பா நெனச்சுக்காதீங்" என்று வரும். இடதுபக்கம் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

குழுவில் இருந்த ஒரு அக்கா மட்டும் வேறு மாதிரி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் சனிக்கிழமைதான் படமெடுக்க எங்கள் பக்கத்துக் குளத்துக்கு வருவார். ஞாயிறு சாயங்காலம் எல்லோருடைய படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்புவார். பின்னால் குக்கர் விசிலடிக்கும். அவர் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. நெஞ்சுக்கூட்டுப் படங்களை நாள் முழுக்கத் திரையில் பார்க்கிற கண். வெள்ளைக்குள் இருக்கிற வெள்ளையைப் பிரித்துப் பார்க்கும்.

நான் முதன்முதலாகப் போட்ட படம் ஒரு சின்னக் கொக்கு. எட்டுப் பேர் கை கூப்பியிருந்தார்கள். அக்காவின் பதிவு கடைசியாக வந்தது.

"தம்பி, இது கொக்கா, யாராச்சும் துணி காயப் போட்டிருக்காங்களா? வெள்ளைல இறகே தெரியல, எல்லாம் எரிஞ்சு போச்சு. கண்ணுல வெளிச்சம் இல்ல, செத்த கொக்கு மாதிரி நிக்குது. தண்ணி சாஞ்சு கெடக்குது, அந்தப் பக்கமா ஊத்திப்போடும் போல. திரும்பப் போய் எடு. காலைல ஏழு மணிக்குள்ள எடு. கேமராவக் கீழ எறக்கு."

நான் அதை நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். அவமானமாக இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக இன்னொன்று இருந்தது. பன்னிரண்டாவது முடிக்கிறவரை என் நோட்டைப் பார்த்து இது சரி, இது தப்பு என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. அப்பா பவுண்டரி வேலைக்காரர். மண் அச்சில் உருக்கு ஊற்றி ஊற்றி முழங்கைவரை பொட்டுப் பொட்டாகத் தழும்பு. என் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குது கண்ணு" என்பார். ஒரு தடவை தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் அதையே சொன்னார். அம்மா அதுவும் சொல்ல மாட்டாள், தொட்டுக் கும்பிடுவாள். நான் செய்த எதையும் ஒருவர் இவ்வளவு உற்றுப் பார்த்து, இங்கே இங்கே தப்பு என்று சொன்னதில்லை. அடுத்த நாளே காலையில் குளத்துக்குப் போனேன்.

எனக்குச் சம்பளம் வருவது காந்திபுரத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில். ஆல்பம் செய்வேன். பெண்ணின் முகப்பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் வேர்வையைத் துடைப்பது, மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கிற கெடிகாரத்தை அழிப்பது. இதெல்லாம் போக ஒரு வேலை உண்டு. எங்கள் பக்கத்தில் அதை எல்லா ஸ்டுடியோவிலும் கேட்பார்கள். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பா இறந்துபோயிருந்தால், குடும்பப் படத்தில் அவரையும் நிற்க வைத்துத் தரவேண்டும். ஓட்டர் கார்டிலிருந்து முகத்தை எடுத்து, யாரோ ஒருவரின் வேட்டி சட்டை உடம்பில் பொருத்தி, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தோள் அகலத்துக்கு இடம் பண்ணி நிற்க வைப்பேன். வாங்க வருகிறவர்கள் சிலர் அங்கேயே அழுவார்கள். அழவில்லையென்றால் வேலையில் ஏதோ குறை இருக்கிறது என்று முதலாளி சொல்வார்.

முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கேமராதான் என் கேமரா. லென்ஸ் வேறொருவர் கையிலிருந்து வந்தது, உள்ளே ஓரத்தில் பூசணம்.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அந்தக் குளம். நொய்யல் வாய்க்காலிலிருந்து வருகிற தண்ணீரோடு ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும். மதகுப் பக்கம் நுரை கட்டி நிற்கும், காற்றடித்தால் ரோட்டுக்குப் பறந்து வந்து பைக்கில் போகிறவர்கள் மேல் ஒட்டும். ஒரு ஓரம் முழுக்க ஆகாயத்தாமரை. கரையில் பாட்டில், கோழி இறகு மூட்டை, பழைய சாமி படங்கள். குளத்தின் நடுவே ஒரு மண் திட்டு. அதில் நெருக்கமாகக் கருவேல மரங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் சங்குவளை நாரைகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். கூடவே நீர்க்காகங்களும் வக்காக்களும். மாசி வாக்கில் திட்டு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல எச்சம் வெளுத்துக் கிடக்கும். குஞ்சுகள் கத்துகிற சத்தம் ரோடுவரைக்கும் கேட்கும். எதிர்க்கரைக்கு அப்பால், மூடிக்கிடக்கிற ஸ்பின்னிங் மில்லின் சிம்னி. செங்கல் சிம்னி, உச்சியில் ஒரு பக்கம் உடைந்து பல்லிளித்துக்கொண்டு நிற்கும். ஊரில் அட்ரஸ் சொல்வதே அந்தச் சிம்னியை வைத்துத்தான்.

ஆனால் எங்கள் படங்களில் இது எதுவும் இருக்காது. அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான், பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். "பாக்கறவங்க கண்ணு நேராப் பறவை கண்ணுல போய் நிக்கோணும். வேற எங்கயும் மேயக் கூடாது." அதற்காகச் சேற்றில் குப்புறப் படுக்கக் கற்றுக்கொண்டேன். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டால் எதிர்க்கரை முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுகிற குச்சியையும் பாலிதீன் பையையும் வீட்டுக்கு வந்து அழிப்பேன். சுற்றி வெட்டுவேன். கண்ணில் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன், நிழலைக் கொஞ்சம் திறப்பேன். அதிகமாகக் கூர் தீட்டினால் இறகைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். அக்கா கண்டுபிடித்துவிடுவார். "கத்தரிக்கோல்ல வெட்டி ஒட்டுன மாதிரி இருக்குது. கூரக் கொற."

மிச்சத்தையெல்லாம் அழித்துவிடவும் அவர்தான் சொன்னார். நூறு எடுத்தால் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பழைய பேப்பர்க் கடையா நடத்தற?" என்பார். என்னிடம் இருந்ததும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். முடித்த படத்தை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பேன். குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். படம் நன்றாக வரவர அதில் ஒரு பெருமையும் இருந்தது.

எல்லாவற்றிலும் நல்ல படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், வெயிலில் ஒரு நாரை கூட்டின் மேல் நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருக்கிற படம். சேற்றில் படுத்துக்கிடந்து எடுத்தது. சிறகின் ஓரத்து ரோஜா நிறம் வெயிலில் ஊடுருவித் தெரியும். அதில் ஒரே ஒரு குறை. நாரையின் அலகு முடிகிற இடத்தில், பின்னால், மங்கலாக, செங்கல் நிறத்தில் மில் சிம்னி.

"நாரை பீடி குடிக்குது தம்பி" என்றார் அக்கா. "சிம்னிய எடுத்துரு."

எடுத்தேன். எடுத்த இடம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்றார். வானத்தின் நிறம் மேலிருந்து கீழே சீராக இறங்கவில்லை என்றார். குஞ்சின் வாய்க்குள் சிவப்பு அதிகம் என்றார். ஒவ்வொரு தடவையும் மாற்றி அனுப்பினேன். கடைசியில் குக்கர் சத்தத்துக்கு நடுவே, "ம். இப்பப் படம்" என்று மட்டும் வந்தது. அந்த வார்த்தையை நான் ஸ்டுடியோவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரிந்திருக்காது.

பிரிண்ட் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். அப்பா பவுண்டரியிலிருந்து வந்து பார்த்தார்.

"எந்தூர்ல எடுத்தது சாமி?"

"நம்ம கொளத்துலதாங்ப்பா."

"நம்ம கொளமா? அது சாக்கடையல்லோ" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் குளத்துக்கு வேலை வந்தது. தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, சுற்றிலும் நடைபாதை போட்டு விளக்கு வைக்கப் போகிறார்கள் என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். நடைபாதைக்கு நாங்களும் விரோதமில்லை. ஆனால் குளத்துக்குள் இருக்கிற மரம் அத்தனையையும் வேரோடு எடுப்பது என்று வேலையில் இருந்தது. அந்தத் திட்டும் போகும்.

குழுவில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். பேச்சு முடிந்தபோது மனு எழுதுகிற வேலை என்னிடம் வந்து நின்றது. நான்தான் குளத்துக்குப் பக்கத்து ஆள். எழுதினேன். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நீ போய்ச் சொல்லு கண்ணு, படிச்சவன் சொன்னாக் கேட்டுக்குவாங்க" என்றார். அவருக்கு நாரையைப் பற்றிக் கவலையில்லை. நான் ஒரு ஆபீசில் போய் உட்கார்ந்து பேசப்போகிறேன் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அக்காவும் நானும் போனோம். மதகுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், பெரிய மீசை, மடித்துக் கட்டிய வேட்டி.

"கூடெல்லாம் ஒண்ணும் இல்லீங்" என்றார் சூப்பர்வைசர். "நானே போய்ப் பாத்தனுங். நாலு காக்காக் கூடு கெடக்குது."

"இப்ப இருக்காதுங்ணா" என்றேன். "மழை முடிஞ்சுதாங் வரும். போன வருஷக் கூடெல்லாம் காத்துல கலைஞ்சு போயிருக்கும்."

இன்ஜினியர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, இத்தன வருஷமா நீங்க எல்லாரும் இங்க போட்டோ எடுக்கறீங்கல்லோ? போன வருஷம், அதுக்கு முந்துன வருஷம் கூடு இருந்ததுன்னு தெரியற மாதிரி படம் கொண்டாங்க. இந்தக் குளம்னு பாத்தாத் தெரியோணும். அத வெச்சு நான் மேல எழுதறேன். திட்ட மட்டும் விட்டுட்டு மத்ததச் செய்யலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க. மிஷின் வந்துரும்."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "படந்தான் கேக்கறாரு தம்பி. நம்மகிட்டப் போய்ப் படம் கேக்கறாரு."

அன்று சாயங்காலம் குழுவில் எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். நாரைப் படங்கள் வந்து கொட்டின. அலகில் குச்சியோடு பறக்கிற நாரை. கூட்டில் உட்கார்ந்திருக்கிற நாரை. மூன்று குஞ்சுகள், வாய் பிளந்தபடி. அடைகாக்கிற நீர்க்காகம், கண் மரகதப் பச்சை. ஒவ்வொன்றும் அருமையான படம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கரைந்துபோன பச்சை, கரைந்துபோன பழுப்பு, கரைந்துபோன நீலம். எந்தக் குளம் என்று ஒன்றிலும் தெரியவில்லை. வேடந்தாங்கல் என்றாலும் நம்பலாம், வேறு நாடு என்றாலும் நம்பலாம். அப்பாவும் அப்படித்தான் கேட்டார் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மூலப்படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டோம். ஒருவருக்கு டிஸ்க் கெட்டுப்போயிருந்தது, மற்றவர்கள் அழித்திருந்தார்கள். போனில் எடுத்தது ஏதாவது? ஒருவர், ஒரு நாள் குளத்தங்கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று எடுத்த செல்ஃபி ஒன்றை அனுப்பினார். நாங்கள் ஆறு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் திட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல். "போர்ட்ரெய்ட் மோடுல எடுத்துப்போட்டனுங், மன்னிச்சுக்கங்க" என்று கீழே எழுதியிருந்தார். குளத்தின் படம் எங்கள் யாரிடமும் இல்லை.

அக்காவிடமிருந்து அன்று பதிவு எதுவும் வரவில்லை. மறுநாள் ஸ்டுடியோவில் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினார்.

"தம்பி, அந்த நெழல் புடிக்கற நாரை. அதுல சிம்னி இருந்துதல்லோ?"

"இருந்துச்சுங்க்கா. எடுத்துட்டம்."

"தெரியும். நாந்தான எடுக்கச் சொன்னேன்." ஆஸ்பத்திரியில் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "திரும்ப வெச்சுரு."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"சிம்னி அங்க இருந்துதா, இல்லியா?"

"இருந்துச்சுங்."

"கூடு இருந்துதா?"

"இருந்துச்சுங்."

"அப்புறம் என்ன? இருந்ததத்தான வெக்கற" என்றார். அவர் குரல் வழக்கம்போல இல்லை. எனக்குச் சொல்வதைவிட வேறு யாருக்கோ சொல்வது மாதிரி இருந்தது.

செத்தவர்களை நிற்க வைக்கிறவனுக்கு நின்றுகொண்டிருக்கிற சிம்னியை வைப்பது கஷ்டமில்லை. மறுநாள் காலை அதே இடத்துக்குப் போய், அதே உயரத்தில் படுத்து, அதே லென்ஸில், திட்டைத் தாண்டிச் சிம்னியை எடுத்தேன். வேண்டுமென்றே மங்கலாக எடுத்தேன். ஸ்டுடியோவில் முதலாளி இல்லாத நேரத்தில் அதை நாரைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். முன்பு நான் சிரமப்பட்டு அழித்த அதே இடம். அக்காவுக்கு அனுப்பினேன்.

பதிவு வந்தது. அவர் குரல் பழையபடி ஆகியிருந்தது. "வெளிச்சம் தப்பு. நாரை மேல வெயில் எடதுபக்கம் இருந்து விழுது, சிம்னி மேல நேரா விழுது. எடதுபக்க வெளிம்ப வெளுப்பாக்கு. இன்னும் மங்கலாகோணும். கூட்டுக் குச்சிக்கு நடுவுல கொஞ்சம் தெரியோணும்." செய்தேன். "நெறம் புதுசா இருக்குது. தூசு இல்ல. நடுவுல காத்து இருக்குதுன்னு தெரியோணும்." செய்தேன். "சிறகு ஓரத்துல ஒரு கோடு தெரியுது, ஒட்டுன மாதிரி." அதையும் செய்தேன்.

இதற்கு முன் எந்தப் படத்துக்கும் நாங்கள் இவ்வளவு உழைத்ததில்லை. செய்வது பொய் என்று தெரிந்துதான் செய்தேன். ஆனால் கை நன்றாக வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பதிவில், "போதும்" என்றார். இந்தத் தடவை "இப்பப் படம்" என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். கூட இன்னும் நாலு நாரைப் படங்கள். இன்ஜினியர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "காலண்டர்ல போடலாமுங்" என்றார். நிழல் பிடிக்கிற நாரைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொட்டகை வாசலுக்குப் போய் எதிர்க்கரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இது போதுமுங்க. மில்லுச் சிம்னி நல்லாத் தெரியுது. இந்த ஒண்ணு போதும்."

திட்டு பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் படத்தை வாங்கி எட்ட வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சூதெல்லாம் இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங் தம்பி. என்ற பொண்ணு கல்யாணத்துல, செத்துப்போன எங்கண்ணன மணவறைக்குப் பக்கத்துல நிக்க வெச்சுக் குடுத்தாங்க. உசுரோட நிக்கற மாதிரியே இருந்தாருங். எங்க அண்ணி அந்தப் படத்தக் கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க. அதுனாலதான் கேக்கறேன். இதுல அப்படி ஏதும் கைவேல செஞ்சிருக்குதுங்களா?"

இன்ஜினியர் எங்களைப் பார்த்தார். "சொல்லுங்க, அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா? நான் எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு அவமானப்படக் கூடாது பாருங்க."

"இல்லீங்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வருவதற்குள் அக்கா சொன்னார்.

"சிம்னி மட்டும் வெச்சதுங்க."

இன்ஜினியர் சூப்பர்வைசரிடமிருந்து படத்தை வாங்கிக்கொண்டார்.

"நெசமான படத்துல சிம்னி இருந்ததுங்க. அழகா இல்லைன்னு நாங்களே எடுத்துட்டோம். அழிச்சதுக்கப்புறம் கெடைக்கல. அதனால இப்ப எடுத்து வெச்சோம். கூடு நெசம். நாரை நெசம். எடமும் இதே எடந்தான்."

"அம்மணி, அப்ப இது பொய்ப்படந்தானுங்களே" என்றார் சூப்பர்வைசர், மெதுவாக. அவருக்கே சங்கடமாக இருந்த மாதிரிதான் இருந்தது.

இன்ஜினியர் பிரிண்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, எங்கள் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொல்றத நான் நம்பறேங்க. ஆனா இத வெச்சு நான் எப்படி எழுதட்டும்? மத்த படத்தையும் இனி யாரும் நம்ப மாட்டாங்க." எங்களுக்கு மறுபடியும் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தோம். வேண்டாம் என்று எழுந்து வரக்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். படங்கள் என் மடியில். ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா சொன்னீங்?"

"கேட்டாரல்லோ."

"நீங்கதான வெக்கச் சொன்னீங்?"

"ஆமா."

"நான் இல்லைன்னு சொல்லியிருப்பேன். திட்டு நின்னிருக்கும்."

"தெரியும்" என்றார். திரும்பவில்லை. "அதனாலதான் முந்திக்கிட்டேன்."

ரயில் போனதும் வண்டியைக் கிளப்பினார். எனக்கு அவர்மேல் கோபம். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை. அவர் செய்தது சரி என்று தெரிந்துமே தீரவில்லை. அவர் முந்திக்கொண்டது எனக்காக. ஆனால் நான் பொய்யனாகியிருந்தால் என்ன, நாரைகளுக்கு மரம் இருந்திருக்கும் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

வீட்டில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க கண்ணு?"

"பாக்கறன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"சொன்னனல்லோ" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வாரம் பொக்லைன் வந்தது. தண்ணீரை வடித்திருந்தார்கள். நான் ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் கரையில் நின்று பார்த்தேன். கருவேல மரத்தை வெட்டவே வேண்டியதில்லை, வாளி ஒரு பக்கம் தள்ளினால் வேரோடு சாய்ந்தது. மண்ணைத் தோண்டித் தோண்டி லாரியில் ஏற்றினார்கள். எச்சம் ஊறி ஊறி அந்த மண் வெளுத்திருந்தது. உரத்துக்கு நல்லது என்று தோப்புக்காரர்கள் பொள்ளாச்சிப் பக்கம் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது குளம் தட்டையாகக் கிடந்தது. தட்டையான குளத்தை நான் நிறைய எடுத்தேன். எதற்கென்று தெரியாமல் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கிப்போயின. யாரும் விதியை மாற்றவில்லை, ஆனால் படம் போடுவது குறைந்தது. தாராபுரம் பக்கம் அமராவதி ஓரத்தில் எடுத்தது என்று ஒருவர் மீன்கொத்தி போட்டார். நாலு பேர் சூப்பருங்ணா என்றார்கள். யாரும் கண்டிக்கவில்லை. அக்கா பார்த்திருந்தார், நீல டிக் விழுந்திருந்தது. பதிவு வரவில்லை. நான் தனியாக அவருக்கு ஒன்றிரண்டு படம் அனுப்பினேன். "நல்லாருக்குது தம்பி" என்று எழுத்தில் வந்தது. அதைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. அவர் என்னிடம் மரியாதைக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. குளம் முன்னெப்போதையும்விட நிறைந்தது. நடைபாதையில் காலையில் நடக்க ஆட்கள் வந்தார்கள். அப்பாவே லீவு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வந்து, "லைட்டெல்லாம் போட்டு ஜோரா இருக்குது" என்றார்.

கார்த்திகையில் நாரைகள் வந்தன. முதலில் நாலைந்து, அப்புறம் ஒரு கூட்டம். திட்டு இருந்த இடத்துக்கு மேலே வட்டமடித்தன. இறங்கப் பார்த்து மறுபடியும் எழும்பின. பிறகு ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக நின்றன. நான் தினமும் போனேன். ஒரு சனிக்கிழமை அக்கா வந்திருந்தார். கையில் கேமரா இல்லை. ஆஸ்பத்திரி யூனிஃபார்மில் இருந்தார்.

ஒரு நாரை கரையோரக் கருவேல முள்ளில் குச்சி ஒன்றை ஒடித்து அலகில் வைத்துக்கொண்டிருந்தது. அதோடு எழும்பிக் குளத்தின் நடுவரை போனது, சுற்றியது, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மறுபடியும் போனது. நடக்க வந்த ஒருவர் நின்று போனில் எடுத்துவிட்டுப் போனார்.

"எடுக்கலியா?" என்றார் அக்கா.

"வேண்டாங்க்கா."

"எடு. நடைபாத, லைட்டுக் கம்பம், எல்லாம் வரட்டும்."

படுக்கவில்லை. நின்றபடியே எடுத்தேன். அவர் கேமராவை வாங்கித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நாரையைப் பார்த்தார், ஓரங்களைப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. அவர் சொல்வார் என்று நின்றேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன் தம்பி" என்று வண்டியை எடுத்தார்.

நாரை குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டு நின்றது. தை பிறப்பதற்குள் எல்லாம் போய்விட்டன.